ஏசி குழாய் வியர்க்கிறதா, பனி பிடிக்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

மார்த்தாண்டத்தில் இருந்து களியக்காவிளை, பாறசாலை வரைக்கும், தெற்கே குளச்சல் கடற்கரை வரைக்கும் ஸ்பிளிட் ஏசி மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. "கேஸ் தீர்ந்துபோச்சு, வந்து போட்டுத் தாங்க" என்ற பேச்சைக் கேட்காமல் ஒரு வாரம் கழிவதில்லை. கேஸ் தீராது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றி வருகிறது. அது குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். குறையாமலே ஏசி கோளாறு செய்தால் பெரும்பாலும் இன்டோருக்கும் அவுட்டோருக்கும் நடுவே ஓடும் இரண்டு செம்புக் குழாய்களையும் அவற்றின் மேலுறையையும்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். மிஷின் ஃபேக்டரியில் சோதித்து வருகிறது. குழாய் வேலை மட்டும்தான் நம் வீட்டுச் சுவரில், நம் கையால் நடக்கிறது.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஏசியை 20 நிமிஷம் ஓடவிட்டு, அவுட்டோர் பக்கம் போய் இரண்டு குழாய்களையும் பாருங்கள். தடித்த குழாய் சக்ஷன் லைன் (கேஸ் அவுட்டோருக்குத் திரும்புகிற வழி), மெலிந்தது லிக்விட் லைன் (இன்டோருக்குப் போகிற வழி). ஒரு டன்னுக்குப் பொதுவாகத் தடித்தது 3/8 அங்குலம், ஒன்றரை டன்னுக்கு 1/2 அங்குலம், மெலிந்தது 1/4 அங்குலம். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான ஸ்பிளிட் ஏசிகளில் கேஸின் அழுத்தத்தை இறக்கி விரியவிடும் கேப்பிலரியோ (மயிரிழை போன்ற மெல்லிய குழாய்) எக்ஸ்பான்ஷன் வால்வோ அவுட்டோருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் மெலிந்த குழாயும் ஜில்லென்றுதான் ஓடும். இரண்டுக்கும் தனித்தனி உறை வேண்டும். மெலிந்த குழாயை வெறுமனே விட்டு, தடித்ததன் உறையோடு சேர்த்து டேப் சுற்றிய வேலையைப் பார்த்தால், அங்கே தண்ணீர் சொட்டும் என்று ஏணி ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

சுவரில் ஈரம், குழாய் சுற்றிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்

எங்கள் பக்கத்தில் அதிகம் வருகிற புகார் இது. இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழை தொடங்கியதும் ஒரு முறை, ஐப்பசியில் வடகிழக்கு மழை வந்ததும் இன்னொரு முறை.

தண்ணீர் ட்ரெயின் பைப்பில் இருந்து வருகிறதா, குழாய் வியர்த்து வருகிறதா என்று முதலில் பிரிக்க வேண்டும். ஏசியை அணைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். சொட்டு நின்ற பிறகு இன்டோரின் முன்மூடியைத் திறந்து, காயிலுக்குக் கீழே இருக்கும் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அதற்கு முன்பே பிளக்கைக் கழற்றி மின்சாரத்தைத் துண்டித்திருக்க வேண்டும். சில நிமிஷத்தில் பழைய இடத்திலேயே சொட்டினால் ட்ரெயின் கோளாறு: பைப் அடைத்திருக்கும், நடுவில் மேல்நோக்கி வளைந்திருக்கும், அல்லது சுவர்த் துளை வெளிப்பக்கம் சாயாமல் உள்பக்கம் சாய்ந்திருக்கும். துளை வெளியே ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தால் போதும். ஊற்றிய தண்ணீர் ஒழுங்காக வெளியே போய், சுவர் காய்ந்தே இருந்தால் குழாய்தான் வியர்க்கிறது.

ஏன் வியர்க்கிறது என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். சித்திரையில் மதுரையில் வெயில் 36 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 40 சதவீதம் என்று வையுங்கள். ஒரு பொருளின் மேல்பரப்பு ஏறத்தாழ 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் அதன்மேல் பனித்துளி படியும். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துக் குழித்துறையில் 30 டிகிரி, 85 சதவீதம் என்றால் அந்த எல்லை 27 டிகிரி. மதுரையில் 16 டிகிரி இடைவெளி இருக்கிறது, நமக்கு 3 டிகிரிதான். 9 மி.மீ. தடிமன் உறை போட்ட அரை அங்குலக் குழாய் உள்ளே 8 டிகிரியில் ஓடினால், உறையின் வெளிப்பரப்பு காற்றைவிட ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும். மதுரையில் அது காய்ந்தே இருக்கும். இங்கே சொட்டும். 19 மி.மீ. நைட்ரைல் ரப்பர் உறை போட்டால் அந்த வித்தியாசம் இரண்டு, மூன்று டிகிரிக்கு வந்துவிடும். எனவே எங்கள் பக்கத்தில் தடித்த குழாய்க்கு 19 மி.மீ.க்குக் குறைந்து நான் போடுவதில்லை. ஃபால்ஸ் சீலிங்குக்கு உள்ளே காற்றோட்டம் இல்லாமல் ஓடுகிற குழாய்க்கு 25. பெட்டியோடு வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் உறை பெரும்பாலும் இந்த அளவுக்குப் பாதிகூட வராது. வீட்டுக்காரரிடம் கூடுதல் செலவைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மாற்றுவேன். சுவரில் பெயின்ட் உரிந்ததைப் பார்த்தவர்கள் யாரும் மறுத்ததில்லை.

தடிமன் சரியாக இருந்தும் வியர்க்கிறதென்றால் இடைவெளியைத் தேடுங்கள். நான் பார்க்கிற வரிசை இது. முதலில் இன்டோருக்குப் பின்னால் ஃபிளேர் நட் இணைப்பு, அதாவது குழாய் வாயைப் புனல் போல விரித்து நட்டால் இறுக்கும் இடம். அந்த நாலு விரல் நீளத்தில் உறை போட மறந்திருப்பார்கள், அல்லது டேப்பை மட்டும் சுற்றியிருப்பார்கள். அடுத்து சுவர்த் துளைக்கு உள்ளே. குழாயை இழுக்கும்போது உறை பின்வாங்கி, துளைக்குள் செம்பு வெறுமையாக நிற்கும். அப்புறம் வளைவுகள், வளைவின் வெளிப்பக்கத்தில் உறை விரிந்து பிளந்திருக்கும். கடைசியாக கிளாம்ப். இறுக்கமாக அடித்த கிளாம்புக்குக் கீழே 19 மி.மீ. உறை 5 மி.மீ. ஆக நசுங்கியிருக்கும். வெள்ளை டேப்பை முறுக்கி இழுத்துச் சுற்றினாலும் இதே கதி. உறைக்குள் அடைந்திருக்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது, நசுக்கினால் அது போய்விடுகிறது. டேப் உறையைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

சரிசெய்யும்போது நனைந்த உறைக்கு மேலேயே இன்னொரு சுற்று போடாதீர்கள். உள்ளே புகுந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே கிடந்து செம்பைப் பச்சை பிடிக்க வைக்கும். நனைந்த நீளத்தை வெட்டி எறிந்து, குழாயைத் துடைத்துக் காயவைத்து, புது உறை போடுங்கள். குழாயைக் கழற்றாமல் போட வேண்டியிருந்தால் உறையை நீளவாக்கில் கீறித்தான் நுழைக்க முடியும். கீறின இரண்டு முகத்திலும் ரப்பர் பசை தடவி, கையில் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகு அழுத்தி ஒட்டுங்கள். உறையோடு உறை சேரும் முனைகளையும் அதேபோல ஒட்டுங்கள். வெளிப்புறத்தில் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஓலைக் கூரையில் மேல் ஓலை கீழ் ஓலையை மூடுகிற மாதிரி ஒவ்வொரு சுற்றும் கீழ்ச் சுற்றின் வாயை மூடும், மழைத் தண்ணீர் வழிந்து போகும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீர் பிடிக்கிற பையாகிவிடும்.

மெலிந்த குழாயில் பனி

அவுட்டோர் வால்வுக்குப் பக்கத்தில் 1/4 அங்குலக் குழாய் வெள்ளையாகப் பனி பிடித்திருக்கிறது, தடித்த குழாயில் குளிர்ச்சியே இல்லை, அறையும் குளிரவில்லை என்றால் கேஸ் குறைந்திருக்கிறது. அளவு குறையும்போது அழுத்தமும் இறங்கி, கேஸ் பூஜ்யத்துக்கும் கீழான வெப்பத்தில் குழாயிலேயே கொதித்துவிடுகிறது. காயில் வரை போய்ச் சேருவதற்குத் திரவம் மிச்சமில்லை.

கேஜ் மாட்டிப் பார்த்தால் ஓடும்போது இப்போதைய கேஸ் வகைகளான ஆர்-32, ஆர்-410ஏ இரண்டுக்கும் சுமார் 120 முதல் 140 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு), பழைய ஆர்-22க்கு 65, 70 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் மிஷினில் கம்ப்ரசரின் வேகத்தோடு இதுவும் மாறும், அதனால் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். குறைந்திருப்பது உறுதியானால் மேலே ஊற்றிவிட்டு வரக் கூடாது. கீழே "வருஷா வருஷம்" என்ற பகுதிக்குப் போங்கள்.

தடித்த குழாயில் பனி

இதற்குக் குழாய் வேலை பெரும்பாலும் காரணமில்லை. ஃபில்டரில் தூசி, புளோயரில் அழுக்கு, காயில் அடைப்பு. காற்று போதாமல் திரவம் ஆவியாகாமலே திரும்பி வருகிறது. கழுவிப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

குழாயின் நடுவில் ஒரே ஒரு இடத்தில் பனி

அவுட்டோர் பக்கத்தில் பனி இல்லை, சுவர் மூலையில் வளைவு தாண்டியதும் பனி தொடங்குகிறது. அந்த வளைவில் குழாய் நசுங்கியிருக்கிறது. நசுங்கின இடம் இரண்டாவது கேப்பிலரி மாதிரி வேலை செய்யும். விரலால் தடவிப் பார்த்தாலே முன்னும் பின்னும் குளிர்ச்சி வித்தியாசம் தெரியும்.

நசுங்கினதைக் குறட்டால் வட்டமாக்கிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். செம்பு ஒரு முறை மடங்கினால் அந்த இடத்தில் விறைத்துவிடும், மறுபடி அசைத்தால் விரிசல் விடும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட வேண்டும். வளைக்கும்போது பெண்டரோ ஸ்பிரிங்கோ பயன்படுத்தி, வளைவின் ஆரம் குழாய் விட்டத்தின் நாலு மடங்குக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் இது வராது. கையால்தான் வளைப்பேன் என்றால் ஒரு சாண் வட்டத்தில் வளையுங்கள்.

வருஷா வருஷம் கேஸ் போட வேண்டியிருக்கிறது

அருமனை பக்கம் ஒரு வீட்டில் வயதான அம்மா என்னிடம் கேட்டார்கள்: "மக்களே, மூணு வருஷமா கேஸ் போட்டுக்கிட்டேதான் இருக்கோம். எந்த ஓட்டைல போகுதுன்னு ஒருத்தரும் பாக்கலியே?" நியாயமான கேள்வி. இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல அரை நாள் வேலை இருக்கிறது. அந்த அரை நாளைத் தவிர்க்கத்தான் எல்லோரும் கேஸ் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

முதலில் கண்ணால் பாருங்கள். கேஸோடு எண்ணெயும் சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் ஒட்டியிருக்கும். நாலு ஃபிளேர் நட்டுகளில்தான் முக்கால்வாசி லீக் கிடைக்கும். சோப்பு நுரை தடவி ஐந்து நிமிஷம் பொறுமையாகப் பாருங்கள். சின்ன லீக் உடனே குமிழ் விடாது.

நுரையில் தெரியாவிட்டால் கேஸை ரிகவரி சிலிண்டருக்கு எடுத்துவிட்டு, குழாயில் நைட்ரஜன் ஏற்ற வேண்டும். அவுட்டோர் வால்வுகள் மூடியே இருக்கட்டும். முதலில் 150 பிஎஸ்ஐ, அதில் தெரியாவிட்டால் கம்பெனி புத்தகம் சொல்கிற அளவு வரை, ரெகுலேட்டர் வைத்துப் படிப்படியாக. ராத்திரி முழுக்க விட்டால் நல்லது. 400 பிஎஸ்ஐ வைத்துவிட்டுப் போய், விடியற்காலையில் காற்று 5 டிகிரி குறைந்திருந்தால் கேஜில் 7 பிஎஸ்ஐ இறங்கியிருக்கும். அது லீக் இல்லை. அதனால் வைக்கும்போது வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நைட்ரஜன் கையில் இல்லை என்று வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்து ஏற்றாதீர்கள். அழுத்தமான ஆக்சிஜன் கம்ப்ரசர் எண்ணெயைத் தொட்டால் வெடிக்கும். உயிர் போகிற விஷயம் இது.

ஃபிளேர் லீக் என்றால் நட்டை இன்னும் இறுக்கி முடித்துவிடாதீர்கள். அதிகமாக இறுக்கித்தான் பாதி ஃபிளேர்கள் மெலிந்து பிளக்கின்றன. வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஆக்ஸா பிளேடு வேண்டாம், ட்யூப் கட்டர். உள்விளிம்புப் பிசிறை எடுக்க ரீமர் போடும்போது குழாய் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தால் செம்புத் துருவல் உள்ளே விழாது. உறையையும் நட்டையும் முதலிலேயே குழாயில் கோத்துவிடுங்கள். அப்புறம் 45 டிகிரி ஃபிளேர். ஆர்-32, ஆர்-410ஏ மிஷின்களுக்கு ஃபிளேர் வாயின் அகலம் 1/4 அங்குலக் குழாய்க்குச் சுமார் 9.1 மி.மீ., 1/2 அங்குலத்துக்குச் சுமார் 16.6 மி.மீ. முகத்தில் ஒரு சொட்டு ஏசி எண்ணெய் போதும். டெஃப்லான் டேப், எம்சீல் எதுவும் வேண்டாம். கையால் பிடிக்கிற வரை சுற்றி, இரண்டு ஸ்பேனர் வைத்து முடியுங்கள். டார்க் ரெஞ்ச் இருந்தால் 1/4க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8க்கு 34 முதல் 42, 1/2க்கு 49 முதல் 61. இந்த ரெஞ்ச் வாங்கியதில் எனக்குத் திரும்பிப் போகிற வேலை பாதியாகக் குறைந்தது.

அந்த அருமனை வீட்டில் ஃபிளேர் நான்கும் சுத்தமாக இருந்தது. உறையை உரித்தபோதுதான் கிடைத்தது: செம்பில் கறுத்த புள்ளிகள், ஊசிமுனை அளவு ஓட்டைகள், ஒன்றல்ல, ஏழெட்டு. குழாய் ஓடியது ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையின் பின்சுவரில். ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுவார்கள். அந்த ஆவியும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் செம்புக்குள் எறும்புப் புற்று மாதிரி கிளை கிளையாகத் துளைத்துக்கொண்டு போகும். இந்த அரிப்புக்கு அந்தப் புற்றின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வெளியே ஒரு புள்ளி, உள்ளே பல வழி. ஒரு ஓட்டையை பிரேசிங் செய்து அடைத்தால் அடுத்த மாதம் பக்கத்தில் இன்னொன்று வரும். குழாயையே மாற்றி, வேறு சுவர் வழியாகக் கொண்டுபோனேன். உறையின் எல்லா முனையையும் ஒட்டி மூடினேன்.

ரப்பர் பால் வாளியில் ஊற்றும் அம்மோனியாவும் இதற்குக் குறைந்ததல்ல. அது செம்பைவிடப் பித்தளையைத்தான் தாக்கும், அதாவது நட்டை. இறுக்கிய நட்டு நீளவாக்கில் முடி போல வெடித்துவிடும். மாட்டுத் தொழுவத்துப் பக்கம் மாட்டிய அவுட்டோரிலும் இதைப் பார்த்திருக்கிறேன். இது நம் நாட்டுக்குப் பழைய கதை. வெள்ளைக்காரர் காலத்தில் பட்டாளத்துக் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலத்தில் தாமாகக் கீறல் விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் காரணம் என்று 1921ல் கண்டுபிடித்தார்கள். கொட்டகைக்கும் தொழுவத்துக்கும் தள்ளி மாட்டுங்கள், நட்டின் மேலும் உறை மூடியிருக்கட்டும்.

இதே வகைச் சேதத்தை நாமே செய்கிற ஒரு வழியும் உண்டு. சுவர்த் துளையை அடைக்க மலிவான சிலிகான் பசையை அமுக்குகிறோம். காடி வாசனை அடித்தால் அது அசிட்டிக் ஆசிட் விடுகிற பசை. செம்பைத் தொட்டால் அரிக்கும். வாசனை இல்லாத நியூட்ரல் வகையையோ சாதாரண ஏசி புட்டியையோ போடுங்கள்.

குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் உப்புக் காற்று. அங்கே அலுமினியக் குழாய் வேண்டவே வேண்டாம். அலுமினியமும் செம்பும் சேரும் இடத்தில் உப்பும் ஈரமும் பட்டால் அலுமினியம் கரைந்துபோகும். விலையில் மிச்சம் பிடித்தது இரண்டு மழைக்குத் தாங்காது.

புதிதாக மாட்டியது, முதல் நாளில் இருந்தே குளிர்ச்சி குறைவு

மூன்று கேள்வி கேளுங்கள். குழாய் எத்தனை மீட்டர்? வேக்கம் போட்டார்களா, அதாவது குழாய்க்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்தார்களா? மீதிக் குழாயை என்ன செய்தார்கள்?

ஃபேக்டரியில் நிரப்பும் கேஸ் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு மட்டுமே. மிஷினின் பெயர்ப்பலகையிலோ புத்தகத்திலோ அது இருக்கும், பல மிஷின்களில் 5 அல்லது 7.5 மீட்டர். அதற்கு மேலே ஒவ்வொரு மீட்டருக்கும் எத்தனை கிராம் என்பதையும் அங்கேயே எழுதியிருப்பார்கள். தராசு வைத்து நிறுத்துப் போட வேண்டும். மாடி வீட்டில் 12 மீட்டர் இழுத்துவிட்டு அப்படியே விட்டிருந்தால் குளிர்ச்சி குறையத்தான் செய்யும். மீதிக் குழாயைச் சுவரில் நிற்கிற வளையமாகத் தொங்கவிட்டால் கம்ப்ரசர் எண்ணெய் அடிவளைவில் தங்கிவிடும். படுக்கைவாட்டில் சுருட்டுங்கள், இல்லாவிட்டால் வெட்டிவிடுங்கள்.

வேக்கம் பற்றி எனக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணமே கிடையாது. கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் காற்றை விரட்டுகிற பழைய பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் ஈரம் போகாது. அதோடு ஆர்-32 தீப்பிடிக்கக் கூடிய கேஸ். மழை நாளில் குழாய் வாயை மூடாமல் வைத்தால் எத்தனை ஈரம் உள்ளே போகும் என்று யோசித்துப் பாருங்கள். புது மிஷின்களின் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி அமிலமாகும், கேப்பிலரியில் ஐஸ் கட்டும். பம்ப் போட்டு, வேக்கத்தை அளக்கும் மைக்ரான் கேஜில் 500க்குக் கீழே கொண்டுவாருங்கள். பிறகு பம்பை மூடிப் பத்து நிமிஷம் பாருங்கள். முள் கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது, மறுபடி ஓட்டுங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். அசையாமல் நின்றால் வால்வைத் திறக்கலாம்.

ராத்திரியில் சுவர் உறுமல்

குழாய் சுவரையோ துளை விளிம்பையோ தொட்டுக்கொண்டிருக்கிறது. கம்ப்ரசரின் அதிர்வு செம்பு வழியாகச் சுவருக்கு ஏறுகிறது. துளைக்குள் உறையோடு நுழைத்து, கிளாம்புக்கு அடியில் ரப்பர் வைத்து, அவுட்டோருக்குப் பக்கத்தில் ஒரு தளர்ந்த வளைவு விட்டால் நின்றுவிடும்.

வெளி உறை பொடிப்பொடியாக உதிர்கிறது

வெயில். கறுப்பு நைட்ரைலும் வெள்ளை ஃபோமும் நேர் வெயிலில் சில வருஷத்தில் விறைத்து உடையும். டேப் கிழிந்த இடத்தில் இருந்துதான் தொடங்கும். தென்னை உள்ள வீடுகளில் அணிலும் கூடு கட்ட உறையைப் பிய்த்துக்கொண்டு போகும். இரண்டுக்கும் ஒரே மருந்து பிவிசி கேசிங். கேசிங்கின் மேல்முனையை மூடி, கீழ்முனையில் தண்ணீர் வடிய வழி விட்டு மாட்டுங்கள். ஏற்கெனவே உதிர்ந்த உறையை மாற்றாமல் கேசிங் மட்டும் போட்டால், உள்ளே அடைந்த காற்றில் இன்னும் அதிகமாக வியர்த்து, கீழ்முனை வழியாக ஓடைபோல ஊற்றும்.